கடலில் போட்ட புள்ளிகள்

மச்சானின் ஜிபிஎஸ் பெட்டி செத்துப்போனது 2022 ஐப்பசியில். அலை, படகோட்டும் அறையான வீல்ஹவுஸின் கண்ணாடி வழியாக உள்ளே அடித்து, திரைக்குள் உப்புத்தண்ணீர் இறங்கி, ரெண்டு நாள் மங்கலாக எரிந்துவிட்டு அணைந்துவிட்டது. கோவையிலிருந்து நான் போன் செய்தபோது அவர் பெட்டி போன விலையைப் பற்றிப் பேசவேயில்லை. "மாப்ள, பாயிண்ட் பூரா போச்சுடா" என்றார். அதற்குமேல் அவருக்குப் பேச்சு வரவில்லை. அக்கா போனை வாங்கிக்கொண்டாள்.

பாயிண்ட் என்றால் என்னவென்று கடலுக்குப் போகாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். பாம்பன் பக்கத்துக் கடலில் எங்கே பார் என்கிற கடலடிப் பாறைத்திட்டு இருக்கிறது, எந்த இடத்தில் வலை மாட்டிக் கிழியும், எந்த மாதம் எத்தனை பாகம் ஆழத்தில் கணவாய் கிடைக்கும் என்பதையெல்லாம் மச்சானின் அப்பா கரையைப் பார்த்தே கணக்குப் போட்டார். கோபுரமும் லைட்ஹவுஸும் எந்தக் கோணத்தில் தெரிகின்றன, எந்தப் பனை எதன் பின்னால் மறைகிறது என்பது அவருடைய கணக்கு. கரை மறையும் தூரத்துக்கு விசைப்படகு போக ஆரம்பித்த பிறகு அந்தக் கணக்கு ஜிபிஎஸ்ஸுக்குள் போனது. நல்ல மீன்பாடு கிடைத்த இடத்தில் ஒரு பட்டனை அழுத்தினால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிவாகிவிடும். அதுதான் பாயிண்ட். இருபது வருட உழைப்பு அந்தப் பெட்டிக்குள் இருந்தது. பழுது பார்ப்பவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, உள்போர்டை மாற்றினால் ஓடும், பழைய நினைவகம் வராது என்று சொல்லிவிட்டார்.

நான் எம்பெடட் வேலை, அதாவது கருவிகளுக்குள் இருக்கும் சின்னக் கணினிகளில் வேலை செய்கிறவன். பகல் முழுக்க யாருக்காகவோ லினக்ஸ் இயங்குதளம் ஏற்றிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. என் அக்கா வீட்டுக்காரரின் இருபது வருடம் ஒரு மூடிய பெட்டியோடு போனது எனக்குப் பொறுக்கவில்லை. அவருடைய பாயிண்ட்டுகள் அவருக்கே சொந்தமான ஒரு கோப்பில் இருக்க வேண்டும், அதை எந்தக் கணினியிலும் திறக்க முடிய வேண்டும் என்று முடிவு செய்தேன். ஓபன்சிபிஎன்னிடம் போனது அப்படித்தான்.

ஓபன்சிபிஎன் படகுக்கான வரைபட வழிகாட்டி மென்பொருள். டேவ் ரெஜிஸ்டர் என்பவர் 2009ல் தொடங்கினார். இன்று உலகெங்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்க்கிறார்கள். மூலநிரல் ஜிபிஎல் உரிமத்தில் திறந்து கிடக்கிறது, காசு கிடையாது. ஜிபிஎஸ்ஸைச் செருகினால் படகு எங்கே நிற்கிறது, எந்தத் திசையில் எத்தனை நாட் வேகத்தில் போகிறது என்று காட்டும். கப்பல்கள் தங்கள் இருப்பிடத்தை ரேடியோவில் சொல்லிக்கொண்டு போகும் ஏஐஎஸ் செய்தியை வாங்கும் கருவி இருந்தால் பக்கத்தில் வரும் கப்பல்களும் தெரியும். எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்றுதான்: நாம் போடும் புள்ளிகளையும் போன தடங்களையும் ஜிபிஎக்ஸ் கோப்பாக எழுதித்தரும். ஜிபிஎக்ஸ் வெறும் எழுத்துக்கோப்பு. நோட்பேடில் திறந்தாலும் எண்கள் கண்ணுக்குத் தெரியும்.

படகுக்காரர்கள் பலர் இதை ராஸ்பெரி பை என்ற உள்ளங்கையளவுக் கணினிப் போர்டில் ஓட்டுகிறார்கள். ஓபன்பிளாட்டர் என்ற தொகுப்பு அந்தப் போர்டை மனதில் வைத்தே செய்யப்பட்டது. ஓபன்சிபிஎன், கருவிகளின் தரவை ஒன்றாகத் திரட்டும் சிக்னல்கே சர்வர் எல்லாம் அதில் தயாராக இருக்கும். ஆனால் கொரோனா காலத்தில் ஆரம்பித்த சில்லுப் பஞ்சம் 2023 தொடக்கம்வரை விடவில்லை. ராஸ்பெரி பை 4 கடையில் இல்லை, இருந்த இடத்தில் விலை இரண்டு மடங்கு. சரி, வேறு போர்டு வாங்குவோம் என்று இறங்கினேன். நான் வாங்கியது ஆர்கே3588எஸ் சில்லு உள்ள ஒரு போர்டு. இந்தச் சில்லை வைத்துப் பல நிறுவனங்கள் போர்டு செய்கின்றன. என்னுடையது எது என்ற பெயர் இங்கே வேண்டாம்.

காகிதத்தில் பார்த்தால் அது பை 4ஐத் தூக்கிச் சாப்பிடும். எட்டு கோர், அதில் நான்கு வேகமான ஏ76. வரைகலைக்கு மாலி ஜி610. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் ஏறி நிற்கும், பெயின்ட் அடிப்பார்கள், எஞ்சினைப் பிரிப்பார்கள். 2023 தடைக்காலத்தில் பத்து நாள் லீவு போட்டு, போர்டோடு பாம்பன் போனேன்.

தோற்றுத் திரும்பினேன். போர்டோடு தந்த இயங்குதளத்தின் கெர்னல், அதாவது வன்பொருளோடு பேசும் அடிப்பகுதி, லினக்ஸ் 5.10, அதுவும் தயாரிப்பாளர் தன் பங்குக்கு ஒட்டுப்போட்டு வைத்தது. ஜி610க்கு அப்போது எல்லோருக்கும் பொதுவான மூல லினக்ஸில் டிரைவரே கிடையாது. ஓபன்சிபிஎன் வரைபடத்தை, வரைகலைச் சில்லிடம் வேலை சொல்லும் ஓபன்ஜிஎல் வழியாக வரைகிறது. வரைகலைச் சில்லு கைகொடுக்காவிட்டால் அந்த வேலை முழுவதும் சிபியுவின் தலையில் விழும். வரைபடத்தை விரலளவு நகர்த்தினால் அரை நொடி கழித்து நகர்ந்தது. சில்லு சூடேறி, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. மே மாத வெயிலில் மூடிய வீல்ஹவுஸுக்குள் அது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அதே பத்து நாளில் இன்னொன்றும் இரண்டு ராத்திரியைத் தின்றது. ஜிபிஎஸ் ரிசீவரைச் செருகினால் ஒரு நொடி தெரிகிறது, மறுநொடி காணவில்லை. ரிசீவர் கெட்டது என்று நினைத்தேன், ஒயர் கெட்டது என்று நினைத்தேன். கடைசியில் கெர்னல் பதிவை வரிவரியாகப் படித்தபோதுதான் விளங்கியது. ரிசீவரின் யுஎஸ்பி ஒயருக்குள் சிஎச்340 என்ற மாற்றிச் சில்லு இருந்தது. பார்வையற்றோர் பயன்படுத்தும் ஒரு பிரெய்ல் கருவிக்கும் அதே அடையாள எண். உபுண்டு 22.04ல் பிஆர்எல்டிடிஒய் என்ற பிரெய்ல் சேவை அந்த எண்ணைக் கண்டதும் தன் கருவி என்று எடுத்துக்கொள்கிறது. அந்தச் சேவையை நீக்கியதும் எண்கள் கொட்டின. உங்களுக்கும் ஜிபிஎஸ் இப்படித் தோன்றி மறைந்தால் முதலில் அதைப் பாருங்கள். கையோடு, செருகும் கருவிகளுக்குப் பெயர் வைக்கும் யுடெவ்வில் விதி ஒன்று எழுதி ரிசீவருக்கு நிலையான பெயர் வைத்துவிடுங்கள். இல்லையென்றால் இன்று டிடிஒய்யுஎஸ்பி0 என்று வருவது நாளை 1 என்று வரும், ஓபன்சிபிஎன் வெறும் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.

போர்டை அலமாரியில் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தேன். ஆனால் கெர்னல் செய்திகளைப் படிப்பதை விடவில்லை. மாலி சில்லுகளின் கதை எனக்கு மிகவும் பிடித்த கதை. தயாரிப்பாளர் திறந்த டிரைவர் தராத காலத்தில், அலிசா ரோசன்ஸ்வைக் என்ற இளம்பெண் அந்தச் சில்லுகள் எப்படி வேலை செய்கின்றன என்று வெளியிலிருந்தே ஆராய்ந்து பான்ஃப்ராஸ்ட்டைத் தொடங்கினார். அது 2019ல் லினக்ஸ் 5.2ல் சேர்ந்தது. ஜி610 அதற்கடுத்த தலைமுறை. அதற்கான பாந்தர் டிரைவர் 2024 ஜூலையில் வந்த லினக்ஸ் 6.10ல் சேர்ந்தது. அப்போதும் இந்தச் சில்லின் எச்டிஎம்ஐ வழியாக மூல லினக்ஸில் படம் வராது. அது 6.13ல்தான் வந்தது. யார் யாரோ, எந்தெந்த ஊரிலோ உட்கார்ந்து ஒவ்வொரு பகுதியாகத் திறந்துகொண்டே வந்தார்கள்.

2025 மே மாதம், அலமாரியில் இருந்த அதே போர்டை எடுத்தேன். இப்படிப்பட்ட போர்டுகளுக்கு லினக்ஸ் கட்டித்தரும் ஆர்ம்பியனின் டெபியன் 12 பதிப்பைப் புதிய கெர்னலோடும், வரைகலை நூலகமான மேசாவின் புதிய பதிப்போடும் ஏற்றினேன். ஒரு திருகாணிகூட மாறவில்லை. ஓபன்சிபிஎன்னைத் திறந்து வரைபடத்தை இழுத்தேன், கையோடு வந்தது. சிபியு சும்மா இருந்தது. தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பு மட்டும். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மாற்றுப் போர்டு வாங்க நினைப்பவர்களுக்கு நான் அடித்துச் சொல்வது இதைத்தான். கோர் எத்தனை, ரேம் எத்தனை என்று பார்க்காதீர்கள். அந்தச் சில்லுக்கு மூல லினக்ஸில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்ம்பியன் பக்கத்தில் அந்தப் போர்டை இப்போது யாராவது பொறுப்பேற்றுப் பராமரிக்கிறார்களா என்று பாருங்கள். மேலே ஓடும் மென்பொருள் மட்டும் திறந்திருந்தால் போதாது, அடியில் இருக்கும் கெர்னல் தயாரிப்பாளரின் கையில் பூட்டிக் கிடந்தால், மச்சானின் பழைய பெட்டிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இந்தக் கணக்கில் பார்த்தால் ஓட்ராய்டு என்2பிளஸ் இன்றைக்கும் படகுக்கு நல்ல போர்டு. அதன் மாலி ஜி52ஐ பான்ஃப்ராஸ்ட் நன்றாக ஓட்டுகிறது. 7.5 முதல் 18 வோல்ட் வரை நேராக வாங்கிக்கொள்ளும், ஆகவே 12 வோல்ட் பேட்டரியிலிருந்து மாற்றி இல்லாமலே இணைக்கலாம். டெபியனா உபுண்டுவா என்பதும் சின்ன விஷயம் இல்லை. ஓபன்சிபிஎன் செருகுநிரல்கள் ஒவ்வொரு இயங்குதளப் பதிப்புக்கும் தனித்தனியாகக் கட்டப்படுகின்றன. உங்களுக்கு வேண்டிய செருகுநிரல் எந்தப் பதிப்புக்கு இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

வரைபட விஷயத்தில் ஒரு ஏக்கம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வரைகலை வேகத்தைச் சோதிக்க நான் ஏற்றியது அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா வெளியிடும் மின்வரைபடங்கள். அவை யாருக்கும் இலவசம். பாம்பனில் உட்கார்ந்துகொண்டு செசபீக் விரிகுடாவின் ஒவ்வொரு மிதவையையும் பார்த்தேன். நியூசிலாந்தும் இப்படி இலவசமாகத் தருகிறது. நம் கடலுக்கான மின்வரைபடங்களை டேராடூனில் உள்ள தேசிய நீர்வரைவியல் அலுவலகம் தயாரிக்கிறது. அவற்றை விலைக்கு வாங்க வேண்டும். சின்னப் படகுக்காரனுக்கும் அவை இலவசமாகக் கிடைக்கும் நாள் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். இப்போதைக்கு மச்சானின் திரையில் இருப்பது ஓபன்சிபிஎன்னோடு வரும் உலகக் கரையோரப் பின்னணி மட்டும். அதன் கரைக்கோடு துல்லியம் இல்லாதது. பாலத்தடியில் போக அதை நம்பக்கூடாது என்று முதல் நாளே சொன்னேன். "கரை எனக்குத் தெரியாதாடா? எனக்குப் பாயிண்ட் தெரிஞ்சாப் போதும்" என்றார் மச்சான்.

படகில் போர்டைப் பொருத்தியபோது கணினியைவிட மின்சாரம்தான் பாடம் நடத்தியது. எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் அந்த இரண்டு நொடி பேட்டரி 12லிருந்து 8 வோல்ட் பக்கம் சரிகிறது. முதலில் போட்ட மலிவான மாற்றி அதைத் தாங்கவில்லை. செல்ப் எடுக்கும்போதெல்லாம் போர்டு அணைந்து மறுபடி எழுந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போது இப்படி அணைந்தால் மெமரி கார்டில் கோப்பு கெடும், ஒரு நாள் அட்டையே எழாது. லாரிகளுக்குப் பயன்படுத்தும், 8 முதல் 36 வோல்ட் வரை வாங்கிக்கொண்டு நிலையான 5 வோல்ட் தரும் மாற்றி ஒன்றை வாங்கிப் போட்டேன். மெமரி கார்டை விட்டுவிட்டு இயங்குதளத்தை எம்.2 எஸ்எஸ்டிக்கு மாற்றினேன்.

அந்த மலிவான மாற்றியில் இன்னொரு கெடுதலும் இருந்தது, இது உயிர் சம்பந்தப்பட்டது. போர்டு ஓடும்போது விஎச்எஃப் ரேடியோவில் சேனல் 16ல் ஒரு இரைச்சல். முதல் நாள் நான் கவனிக்கவே இல்லை. மச்சான்தான் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இது நம்ம ரேடியோ சத்தமில்லையே" என்றார். போர்டை அணைத்தால் இரைச்சல் நின்றது. ஆபத்து அழைப்பு வரும் சேனல் அது. தூரத்தில் ஒரு படகு மெலிதாகக் கூப்பிட்டால் இந்த இரைச்சலில் மூழ்கிப்போகும். புது மாற்றியை உலோகப் பெட்டிக்குள் வைத்து, ஒயர்களில் ஃபெரைட் வளையம் மாட்டி, ரேடியோவிலிருந்தும் ஆன்டெனா ஒயரிலிருந்தும் முடிந்தவரை தள்ளிப் பொருத்தினேன். பிறகு அவரையே உட்காரவைத்து, போர்டை அணைத்தும் போட்டும் பத்துத் தடவை கேட்கச் சொன்னேன். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் திருகாணி முடுக்கினேன். படகில் எந்தக் கணினியை வைத்தாலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் கடலுக்கு அனுப்பாதீர்கள்.

திரை பற்றிச் சுருக்கமாக. வீட்டு மானிட்டர் நடுப்பகல் கடலில் கறுப்புக் கண்ணாடி மாதிரிதான். ஆயிரம் நிட் வெளிச்சமுள்ள திரைக்குப் போர்டைவிட அதிகம் செலவானது. தொடுதிரை வாங்கவில்லை. உப்புத்தண்ணீர்க் கையில் அது தன் இஷ்டத்துக்கு வேலை செய்யும். டிராக்பால் ஒன்றும், தனியாக ஒரு பெரிய பட்டனும் வைத்தேன். படகு நிற்கும் இடத்தில் புள்ளி போட ஓபன்சிபிஎன்னில் கன்ட்ரோலையும் ஓ விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். அந்த இரண்டையும் இந்த ஒரே பட்டனுக்குள் அடக்கினேன். பழைய பெட்டியில் மச்சானின் கட்டைவிரல் எதைத் தேடுமோ அதே இடத்தில் பட்டன்.

பிறகு, பாயிண்ட்டுகள். எல்லாம் போய்விட்டது என்று நினைத்திருந்தோம். ஒரு நாள் சாயங்காலம் அக்கா அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய நாற்பது பக்க நோட்டை எடுத்து வந்தாள். மச்சான் கடலிலிருந்து வந்து சோறு சாப்பிடும்போது, நல்ல பாடு கிடைத்த நாட்களில் எண்களைச் சொல்வாராம், அவள் எழுதி வைப்பாளாம். நூற்றுச் சொச்சம் பாயிண்ட் அதில் இருந்தது. தேதி, அட்சரம், தீர்க்கம், பக்கத்தில் என்ன மீன் என்று. சில இடங்களில் மீன்குழம்புக் கறை.

நானும் அக்காவும் இரண்டு நாள் உட்கார்ந்து அடித்தோம். அவள் வாசிக்க, நான் தட்ட. மூன்றாம் நாள் மச்சான் திரையைப் பார்த்துவிட்டு ஒரு இடத்தில் விரல் வைத்தார். "இந்த ரெண்டும் ஒரே பார்ல உள்ளது. பக்கத்துப் பக்கத்துல இருக்கணும். என்ன இப்படிப் பிரிஞ்சு கிடக்கு?" நோட்டைப் புரட்டினேன். ஒன்றின் அட்சரத்தில் பாகைக்குப் பிறகு 14-520 என்றும், மற்றதில் 14-50 என்றும் எழுதியிருந்தது. 520 நொடி என்று ஒன்று இருக்க முடியாது, ஆகவே அதை 14.520 நிமிடம் என்று சரியாக அடித்திருக்கிறேன். 50 என்பதை நொடி என்று எடுத்துக்கொண்டேன். உண்மையில் பெட்டி காட்டியது 14.50 நிமிடம். 14 நிமிடம் 50 நொடி என்றால் அது 14.83 நிமிடம். இந்த ஒரு வாசிப்பில் 600 மீட்டர் வடக்கே போய்விட்டது புள்ளி. ஒரே பாரின் இரண்டு ஓரங்கள், நிஜத்தில் நாற்பது மீட்டர்கூட இடைவெளி இல்லாதவை, திரையில் அரை கிலோமீட்டருக்கு மேல் பிரிந்து நின்றன. அத்தனையையும் முதலிலிருந்து திருத்தினோம். கடலுக்கடியில் பார் எப்படிக் கிடக்கிறது என்பதை அந்த மனிதர் தலைக்குள் எவ்வளவு துல்லியமாக வைத்திருக்கிறார் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அந்த எண்களை முழுதாக இங்கே எழுத மாட்டேன், அவை அவருடைய சொத்து.

இன்னொரு எண்தொகுதி யாருடைய ரகசியமும் இல்லை. 1974ல் இந்தியாவும் இலங்கையும் பாக் நீரிணையில் எல்லை வகுத்த ஒப்பந்தத்தில் ஆறு புள்ளிகள் கொடுக்கப்பட்டிருக்கின்றன. வடக்கே 10 பாகை 5 நிமிடத்தில் ஆரம்பித்து தெற்கே 9 பாகை 6 நிமிடம்வரை. கோடு கச்சத்தீவுக்கு மேற்கே சுமார் ஒரு மைல் தூரத்தில் போகிறது. கரையில் பேசுகிறவர்களுக்கு அது அரசியல். ராத்திரி இரண்டு மணிக்கு, நீரோட்டம் கிழக்கே இழுக்க, வலையோடு நிற்கிற படகுக்கு அது கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு. ஓசிபிஎன் டிரா செருகுநிரலில் அந்த ஆறு புள்ளிகளையும் இணைத்து எல்லை வரைந்தேன். 1974ல் இன்றைய ஜிபிஎஸ்ஸும் இல்லை, அது பயன்படுத்தும் 1984ஆம் ஆண்டுப் புவிமாதிரியும் இல்லை. அன்றைய எண்களை இன்றைய ரிசீவரில் அப்படியே வைத்தால் கொஞ்சம் விலகலாம். அதனால் ஒரு கடல்மைல் உள்ளே தள்ளி இரண்டாவது கோடு ஒன்று போட்டு, வாட்ச்டாக் செருகுநிரலில் அதற்கு மணி வைத்தேன். அந்த இரண்டாம் கோட்டைப் படகு நெருங்கினால் வீல்ஹவுஸில் ஸ்பீக்கர் அலறும். எஞ்சின் சத்தத்தைத் தாண்டிக் கேட்க வேண்டுமே என்று கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற மாதிரி ஒரு சின்னக் குழாய் ஸ்பீக்கரையே மாட்டினோம்.

இதெல்லாம் இருந்தும் பழைய கையடக்க ஜிபிஎஸ் ஒன்று பேட்டரியோடு பிளாஸ்டிக் டப்பாவில் படகில் இருக்கிறது. அதை எடுக்க நான் விடவில்லை.

தடை முடிந்து, கடலிலேயே ராத் தங்கி மீன்பிடிக்கும் முதல் தங்கல் போய்வந்த காலையில் மச்சான் ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து கொடுத்தார். புதிதாகப் போட்ட ஏழு பாயிண்ட்டும், போன தடமும் ஜிபிஎக்ஸ் கோப்பில் இருந்தன. என் லேப்டாப்பில் ஒரு நகல், அக்கா மகளின் போனில் ஒரு நகல் என்று எடுத்து வைத்தேன். அக்கா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அதைக் கொஞ்சம் பெருசாக் காட்டு" என்றாள். எழுத்தைப் பெரிதாக்கினேன். அவள் அடுப்படிக்குப் போய் ஒரு புது நோட்டை எடுத்து வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் வரியில் தேதி எழுதினாள். அட்சரத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி, "இது புள்ளியா, கோடா?" என்று கேட்டாள்.

"புள்ளிக்கா" என்றேன். அழுத்தி வைத்தாள்.